பழைய அமிகாவில் வீடியோ படம் பிடித்த அனுபவம்: கோட்டின் திசையைப் பாருங்கள்

1980-களின் வீட்டுக் கணினியான அமிகா 500-இல் ஒரு வீடியோ டிஜிட்டைசரை (வீடியோ சிக்னலைக் கணினிப் படமாக மாற்றும் கருவி) ஒழுங்காக வேலை செய்ய வைக்க எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. அதில் பெரும்பகுதி, கோளாறே இல்லாத இடங்களில் கோளாறைத் தேடியதில் போனது. வழியில் வாங்கிப் போட்ட உதிரிபாகங்களுக்கும் கேமராவுக்கும் செலவான பணம், டிஜிட்டைசரின் விலையை எப்போதோ தாண்டிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. கருவியோடு வந்த கையேடு, எல்லாம் சரியாக இருக்கும்போது எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. படம் கிழிந்து வந்தாலோ வரிவரியாக வந்தாலோ என்ன செய்வது என்று அதில் ஒரு வரி இல்லை. எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிடலாம் என்று பல இரவுகள் தோன்றியிருக்கிறது. முன்கூட்டியே யாராவது நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அந்த நாலு வார்த்தையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இதில் ஏன் இத்தனை பிடிவாதம் என்றும் சொல்லிவிடுகிறேன். 1985 ஜூலையில் நியூயார்க்கில் அமிகா 1000 அறிமுகமானபோது, கேமராவில் பிடித்த பாடகி டெபி ஹாரியின் படத்துக்கு ஓவியர் ஆண்டி வார்ஹோல் மேடையிலேயே அந்தக் கணினியில் வண்ணம் பூசிக் காட்டினார். அடுத்த வருடம், அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் டிம் ஜெனிசன் தொடங்கிய நியூடெக் நிறுவனத்திலிருந்து டிஜி-வியூ வந்தது. பிரின்டர் போர்ட்டில் செருகும் ஒரு சின்னப் பெட்டி, ஒரு கறுப்பு வெள்ளைக் கேமரா, அதன் முன்னால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஃபில்டர் பொருத்திய சக்கரம். நிறத்துக்கு ஒரு தடவையாக மூன்று தடவை எடுத்துச் சேர்த்தால் 4096 நிறங்களில் ஒரு படம். அதே காலத்து பிசியில் இ.ஜி.ஏ. திரை அட்டை ஒரே நேரத்தில் காட்டியது 16 நிறம். வீட்டு மேசைமேல் இருந்த ஒரு கணினி இந்தக் காரியத்தைச் செய்தது என்பது இன்றைக்கும் எனக்குப் பெரிய விஷயமாகத்தான் படுகிறது. அதே காலத்து, அதே மாதிரி வேலை செய்யும் ஒரு கருவி கைக்கு வந்தபோது, அதில் என் கையால் ஒரு படமாவது எடுத்தே தீர வேண்டும் என்று இருந்தது.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். கோளாறு தேடும் வேலை முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது. வீடியோ சிக்னல் மேலிருந்து கீழாக வரிவரியாக ஓடிவருகிறது. இந்தியாவில் புழங்கிய பி.ஏ.எல். டிவி முறையில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒரு முழுப் படத்துக்கு, 625 வரி. ஒரு வரிக்கு 64 மைக்ரோ வினாடி, அதில் படம் இருப்பது சுமார் 52 மைக்ரோ வினாடி. அதற்குள் 320 புள்ளிகளை எடுக்க வேண்டுமென்றால் வினாடிக்கு 60 லட்சம் தடவைக்கு மேல் அளக்க வேண்டும். அந்த வேகத்தில் அளக்கும் சிப்பும் அதைப் பிடித்துவைக்கும் மெமரியும் அன்றைக்கு வீட்டுக் கணினி வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாத விலை. அதனால் மெதுவாக எடுத்தார்கள். முதல் ஃபிரேமில் ஒவ்வொரு வரியின் இடது ஓரப் புள்ளியை மட்டும் அளப்பது, அடுத்த ஃபிரேமில் அதற்குப் பக்கத்துப் புள்ளி, அதற்கடுத்ததில் அதற்கும் பக்கத்துப் புள்ளி. ஆக ஒரு ஃபிரேமுக்கு ஒரு நெடுவரிசை. வினாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 320 நெடுவரிசை சேர 13 வினாடி ஆகிறது. ஒரு ஃபிரேம் இரண்டு ஃபீல்டாக, ஒன்றுவிட்டு ஒரு வரியாகப் பாதிப் பாதியாக வருகிறது; ஃபீல்டுக்கு ஒன்று எடுக்கும் கருவி என்றால் அதில் பாதி நேரம்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் கிடைக்கிறது. இப்படி எடுத்த படத்தில் இடமிருந்து வலம் போவது இடம் மட்டுமல்ல, நேரமும்கூட. இடது ஓரம் முதல் வினாடி, வலது ஓரம் 13-ஆவது வினாடி. மேலிருந்து கீழ் என்பது ஒரே ஃபீல்டுக்குள், 20 மில்லி வினாடிக்குள் நடந்து முடிந்த சமாசாரம். ஆகவே படத்தில் ஒரு கறையோ கோடோ வந்தால், அது எந்தத் திசையில் கிடக்கிறது என்பதே ஆள் யார் என்று காட்டிக்கொடுத்துவிடும். செங்குத்தாக நின்றால், ஃபிரேமுக்கு ஃபிரேம் ஏதோ ஒன்று மாறிக்கொண்டிருக்கிறது: விளக்கு, கேமராவின் கெய்ன் (சிக்னலைக் கூட்டிக் குறைக்கும் அளவு), கண்ணாடி வழியாக வரும் வெயில். அகலமான பட்டைகள் சாய்வாகப் படுத்திருந்தால் மின்சார இரைச்சல் சிக்னலில் ஏறுகிறது. நேரான ஓரங்கள் ரம்பப் பல்போல வந்தால் ஒவ்வொரு வரியும் தொடங்கும் நேரம் ஆடுகிறது, அதாவது வரியின் தொடக்கத்தைச் சொல்லும் சிங்க் துடிப்பு சரியில்லை. பொடிப்பொடியாக வலைபோல வந்தால் நிறச் சிக்னல் உள்ளே புகுந்திருக்கிறது. இது எனக்குக் கடைசியில்தான் பிடிபட்டது. முதல் நாளே தெரிந்திருந்தால் கீழே சொல்லப்போகும் கதையில் முக்கால்வாசி நடந்திருக்காது.

முதல் அடி அடாப்டரில் விழுந்தது. எனக்கு வந்த டிஜிட்டைசர் அமிகா 1000-க்காகச் செய்யப்பட்டது. விற்றவர், "500-லயும் ஓடும், இத மாட்டினா போதும்" என்று சொல்லி, முனையை மாற்றித்தரும் ஒரு சின்ன அடாப்டரையும் சேர்த்து அனுப்பியிருந்தார். மாட்டினால் அழகாகப் பொருந்தியது. படம் மட்டும் முழுக் கறுப்பு. கேமராவை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், மென்பொருளின் வேறு பதிப்பைப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. பிறகு மல்டிமீட்டரோடு உட்கார்ந்து ஒவ்வொரு பின்னாக அளந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு கணினியிலும் பிரின்டர் போர்ட் 25 பின்தான், ஆனால் ஆணும் பெண்ணும் இடம் மாறியிருப்பதோடு உள்ளே கம்பிகளும் இடம் மாறியிருக்கின்றன. 1000-இல் 5 வோல்ட் வருவது 23-ஆம் பின்னில், 500-இல் 14-ஆம் பின்னில். 1000-இல் 14 கிரவுண்டு, 500-இல் 23 கிரவுண்டு. ரீசெட் கம்பி 1000-இல் 25, 500-இல் 16. அவர் அனுப்பிய அடாப்டர் பின்னுக்குப் பின் நேராக இணைப்பது. ஆக டிஜிட்டைசருக்குக் கரண்டே போகவில்லை, அதோடு கணினியின் 5 வோல்ட் நேராக கிரவுண்டில் போய் முட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அந்தப் போர்ட்டுக்குப் பின்னால் இருப்பது 8520 என்ற சிப், புதிதாக யாரும் தயாரிப்பதில்லை. என்னுடையது தப்பிப் பிழைத்தது அதிர்ஷ்டம்தான்.

ஆகவே பழைய கருவி எதுவானாலும், முதன்முதலில் செருகுவதற்கு முன் மல்டிமீட்டரில் இரண்டே இரண்டு அளவு பாருங்கள். கணினிப் பக்கம் 5 வோல்ட் எந்தப் பின்னில் வருகிறது, கருவிப் பக்கம் கிரவுண்டு எந்தெந்தப் பின்னில் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. 1000-க்கான கருவியை 500-இலோ 2000-இலோ மாட்ட வேண்டுமென்றால் 14, 16, 23, 25 ஆகிய நான்கையும் இடம் மாற்றித் தரும் அடாப்டர் வேண்டும். நான் பிறகு இரண்டு கனெக்டரும் கொஞ்சம் கம்பியும் வாங்கி நானே சாலிடர் செய்துகொண்டேன். இன்னொன்று: கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தப் போர்ட்டில் எதையும் செருகாதீர்கள், பிடுங்காதீர்கள். யு.எஸ்.பி. பழக்கத்தில் கை தானாகப் போகும். 8520 அதைத் தாங்காது. அது போய்விட்டதோ என்று சந்தேகம் வந்தால், 500-இல் அதே சிப் இரண்டு இருக்கிறது. சாக்கெட்டில் இருந்தால் ஒன்றுக்கொன்று மாற்றிப் பாருங்கள். கோளாறு இடம் மாறினால் சிப்தான் காரணம்.

சரியான அடாப்டர் வந்ததும் படம் வந்தது. மங்கலாக, மேல் பகுதி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு. வந்ததே பெரிது என்று அன்றைக்குத் தூங்கப் போனேன். காரணம் ரொம்பச் சின்னது. கேமரா என்ன பார்க்கிறது என்று தெரிவதற்காக, ஒரு டி-இணைப்பு போட்டு மானிட்டருக்கும் டிஜிட்டைசருக்கும் சேர்த்துக் கொடுத்திருந்தேன். வீடியோ கம்பியின் முடிவில் 75 ஓம் மின்தடை ஒரே ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும். இரண்டு கருவியும் ஆளுக்கொரு 75 ஓம் போட்டால் 1 வோல்ட் இருக்க வேண்டிய சிக்னல் 0.67 வோல்ட் ஆகிவிடுகிறது. அதில் சிங்க் பல்ஸ் 0.3-லிருந்து 0.2-க்கு இறங்கிவிடும். டிவி மானிட்டர் அதைச் சமாளித்துக்கொள்ளும், 1980-களின் டிஜிட்டைசர் சமாளிக்காது. மானிட்டரின் பின்னால் 75 ஓம் சுவிட்ச் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் மானிட்டரைக் கழற்றிவிட்டுப் படம் எடுங்கள். இதற்கு நேர்மாறாக, எங்குமே 75 ஓம் இல்லையென்றால் சிக்னல் இரண்டு மடங்காகி, படம் வெளிறிப்போய் ஓரங்களில் நிழல் தட்டும்.

அடுத்து, வீட்டில் கிடந்த பழைய விஎச்எஸ் டேப்பிலிருந்து ஒரு காட்சியை எடுத்துப் பார்க்க ஆசைப்பட்டேன். இதை ஆசைப்படாதவர் கிடையாது என்று நினைக்கிறேன். பாஸ் அழுத்தினால் டிவியில் ஓரளவு நின்ற படம், அமிகாவில் வந்தபோது கதவின் நேரான ஓரம் முழுக்கப் பல்லுப் பல்லாக இருந்தது. விஎச்எஸ் நாடாவும் தலையும் இயந்திரங்கள். பாஸில் நிற்கும்போதும் ஒவ்வொரு வரியும் துளி முன்னே பின்னே வந்துகொண்டே இருக்கும். டிவி ஒவ்வொரு ஃபிரேமையும் உடனே காட்டி மறந்துவிடுகிறது. நம் கருவியோ நூற்றுக்கணக்கான ஃபிரேம்களிலிருந்து ஒவ்வொரு நெடுவரிசையைப் பொறுக்கி ஒட்டுகிறது. அந்த ஆட்டம் அத்தனையும் ஓரங்களில் பதிந்துவிடும். இதற்குக் கருவியைத் திட்டிப் பயனில்லை. டேப்பை முதலில் டிஜிட்டலாகப் பதிவு செய்துகொண்டு, டிவிடி பிளேயர் மாதிரி பாஸில் அசையாமல் நிற்கும் ஒன்றின் வழியாகக் கொடுத்தால் கத்திபோல வருகிறது. அந்த டிவிடி பிளேயரே நல்ல சோதனைக் கருவியும்கூட. கறுப்பிலிருந்து வெள்ளை வரை போகும் ஒரு சாம்பல் படியை ஒரு வட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேமராவும் விளக்கும் இல்லாமல், டிஜிட்டைசரும் கணினியும் மட்டும் சரியா என்று பார்த்துவிடலாம். இந்த ஒரு வட்டு முதலிலேயே இருந்திருந்தால் எனக்கு எத்தனையோ ராத்திரி மிச்சம்.

டிவிடி பிளேயரில் எடுத்தபோது வேறொரு தொல்லை வந்தது. வண்ணம் அடர்ந்த இடங்களில் மட்டும் பொடியான ஒரு வலைப்பின்னல். மஞ்சள் ஆர்சிஏ கம்பியில் வெளிச்சமும் நிறமும் ஒரே சிக்னலில் கலந்து வருகின்றன. பி.ஏ.எல். முறையில் நிறம் 4.43 மெகாஹெர்ட்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கறுப்பு வெள்ளையை மட்டும் அளக்கத் தெரிந்த டிஜிட்டைசர் அந்த அலையையும் வெளிச்சம் என்று நினைத்து அளந்துவிடும். எஸ்-வீடியோ வெளியீடு இருக்கும் பிளேயர் என்றால் அதில் வெளிச்சத்துக்குத் தனிக் கம்பி உண்டு. அதை மட்டும் எடுத்து டிஜிட்டைசரில் கொடுங்கள், வலை போய்விடும்.

இனி வருவது என்னை அதிகம் அலைக்கழித்த கோளாறு. மேசையில் ஒரு பொருளை வைத்துக் கேமராவில் நேரடியாகப் படம் எடுத்தால், படம் முழுக்க மெல்லிய செங்குத்துக் கோடுகள், சீப்பின் பற்கள் மாதிரி. பழைய கணினி என்றாலே எல்லோரும் சொல்லும் முதல் அறிவுரை, "கெபாசிட்டரை மாற்று" என்பது. பவர் சப்ளையில் சிற்றலை இருக்கும், அதுதான் கோடாக வருகிறது என்று அடித்துச் சொன்னார்கள். கெபாசிட்டர் செட் வாங்கி, கணினியை ரிப்பேருக்குக் கொடுத்தேன். வாரக்கணக்கில் அங்கேயே கிடந்தது. திரும்பி வந்ததும் ஆவலோடு மாட்டி எடுத்தேன். அதே கோடுகள், அதே இடைவெளி. மனது விட்டுப்போனது அன்றைக்குத்தான். கெபாசிட்டர் மாற்றியது கணினியின் ஆயுளுக்கு நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கோளாறுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சம்பந்தம் இருந்தது மேசை விளக்கோடு. பிரகாசத்தைக் குறைக்கும் வசதியுள்ள எல்இடி விளக்கு அது. இவற்றில் பலவும் பிரகாசத்தைக் குறைப்பது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிவதன் மூலம். கேமராவின் ஷட்டரும் விளக்கின் துடிப்பும் ஒத்துப்போகாததால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைத்த வெளிச்சம் வேறு வேறு. அதுதான் நெடுவரிசைக்கு நெடுவரிசை மாறிக் கோடாக நின்றது. சாதாரண மின் விளக்குக்கும் இது உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு வினாடிக்கு 100 தடவை மினுக்குகிறது. வினாடிக்கு 50 ஃபீல்டு எடுக்கும் பி.ஏ.எல். கேமரா முழு ஷட்டரில் (ஃபீல்டு முழுவதும் திறந்தபடி) இருந்தால் ஒவ்வொரு ஃபீல்டிலும் சரியாக இரண்டு மினுக்கல் அடங்கிவிடும், கோடு வராது. வெளிச்சம் அதிகம் என்று கேமரா தானாக ஷட்டரைக் குறுக்கினால் கணக்கு தப்பி, வெளிச்சம் மெதுவாக ஏறி இறங்கும் அகலமான செங்குத்துப் பட்டைகள் வரும். 60 ஃபீல்டு எடுக்கும் என்.டி.எஸ்.சி. (அமெரிக்க டிவி முறை) கேமராவை அதே விளக்கில் வைத்தால் மூன்று ஃபீல்டுக்கு ஐந்து மினுக்கல் என்று கணக்காகி, மூன்று நெடுவரிசைக்கு ஒரு தடவை அதே கோடு திரும்பத் திரும்ப வரும். எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கண்டுபிடிக்கும் வழி மிகவும் சுலபம். அறையின் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, பேட்டரி டார்ச்சை முழுப் பிரகாசத்தில் வைத்து அதன் வெளிச்சத்தில் மட்டும் ஒரு படம் எடுங்கள். டார்ச்சின் குறைந்த பிரகாச நிலையும் மினுக்கக்கூடும், அதனால் முழுப் பிரகாசம் முக்கியம். கோடுகள் மறைந்துவிட்டால் குற்றவாளி விளக்கு. மறையவில்லை என்றால் கேமராவின் தானியங்கி கெய்னையும் ஷட்டரையும் நிறுத்திவிட்டு மறுபடி எடுங்கள். அதற்கும் மறையாவிட்டால் அப்புறம் பவர் சப்ளை பக்கம் போகலாம். நான் இப்போது நேர்மின்சாரத்தில் எரியும், மினுக்காத எல்இடி பலகை ஒன்றை வைத்திருக்கிறேன். பகல் வெளிச்சத்தை நம்பாதீர்கள். 13 வினாடிக்குள் ஒரு மேகம் கடந்து போனால் அதுவும் படத்தில் ஒரு நிழல் பட்டையாக நிற்கும்.

வண்ணத்துக்கு வருகிறேன். கறுப்பு வெள்ளை சுத்தமாக வந்த பிறகு, நிறச் சக்கரத்தோடு வைக்க ஒரு கறுப்பு வெள்ளை சிசிடிவி கேமரா வாங்கினேன். பெரிய செலவு அதுதான். மூன்று தடவை எடுத்துச் சேர்த்தால் எல்லா நிறமும் கழுவிவிட்டாற்போல வெளிறியிருந்தது. அதைவிட விசித்திரம், பொருளுக்குக் கீழே விரித்திருந்த கறுப்புத் துணி வெளிர் சாம்பலாக வந்தது. துணிமேல் இருந்த கறுப்புப் பிளாஸ்டிக் மூடி மட்டும் கறுப்பாகவே இருந்தது. ஃபில்டர்கள் பழசாகிச் சாயம் போய்விட்டன என்று நினைத்துப் புது ஃபில்டர் வாங்கினேன். அதே கதை. பிறகு தனித்தனியாக மூன்று படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிவப்புக்கும் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய வித்தியாசம் பாதிகூட இல்லை. அந்தத் துணி மூன்றிலும் ஒரே மாதிரி வெளுத்திருந்தது. மூன்று ஃபில்டரையும் தாண்டி ஏதோ ஒரு வெளிச்சம் உள்ளே போகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

அது அகச்சிவப்பு. இரவிலும் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பல கறுப்பு வெள்ளைக் கண்காணிப்புக் கேமராக்களில் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி இருப்பதில்லை. நிற ஃபில்டர்களோ கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை மட்டுமே வடிகட்டுபவை. அகச்சிவப்பைச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தாராளமாக உள்ளே விடும். அன்றைக்கு ஹாலஜன் விளக்கில் எடுத்துக்கொண்டிருந்தேன், அதில் அகச்சிவப்பு கொட்டிக்கிடக்கும். சாயம் போட்ட கறுப்புத் துணிகள் பலவும் அகச்சிவப்பில் கறுப்பே அல்ல. இதைச் சோதிக்க டிவி ரிமோட் போதும். கேமரா முன் நீல ஃபில்டரை வைத்து, ரிமோட்டை நீட்டிப் பட்டனை அழுத்துங்கள். மானிட்டரில் ரிமோட்டின் முனை பளிச்சென்று மின்னினால் அகச்சிவப்பு உள்ளே போகிறது என்று அர்த்தம். பழுதான வெப்கேம் ஒன்றைப் பிரித்தால் லென்ஸுக்குப் பின்னால் லேசாக நீலம் கலந்த பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு இருக்கும். அதுதான் தடுப்புக் கண்ணாடி. அதை என் கேமராவின் சென்சாருக்கு முன்னால் பொருத்தினேன், விளக்கையும் எல்இடிக்கு மாற்றினேன். வெள்ளை எல்இடியில் அகச்சிவப்பு அநேகமாகக் கிடையாது. அடுத்த படத்தில் துணி கறுப்பாகவும், அதன்மேல் இருந்த சிவப்பு டப்பா சிவப்பாகவும் வந்து நின்றன. திரையை விட்டு எழுந்திருக்க மனமே வரவில்லை.

நிறப் படத்துக்கு வேறு சில விஷயங்களும் உண்டு. கேமராவின் தானியங்கி கெய்ன் கண்டிப்பாக அணைந்திருக்க வேண்டும். நீல ஃபில்டர் வந்ததும் இருட்டிவிட்டதே என்று கேமரா தானாகப் பிரகாசத்தைக் கூட்டினால் மூன்று நிறங்களின் விகிதமே கெட்டுவிடும். ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் துண்டை வைத்து எடுங்கள்; மூன்று படத்திலும் அது ஒரே அளவு வெளுப்பாக இருக்கும்படி பிரகாசத்தைச் சரிசெய்தால் போதும், மீதி நிறங்கள் தாமாக வந்து உட்காரும். ஃபில்டர் லென்ஸுக்கு நேராக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் படம் நகர்ந்து, பொருளின் ஒரு பக்கம் சிவப்பு விளிம்பும் மறுபக்கம் நீலப்பச்சை விளிம்பும் தட்டும்.

விளிம்பில் நிறம் தட்டுவதற்கு அமிகாவுக்கே உரிய இன்னொரு காரணமும் இருக்கிறது. 4096 நிறம் காட்டும் ஹேம் முறையில், ஒரு புள்ளி தன் இடப்பக்கத்துப் புள்ளியின் நிறத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றில் ஏதாவது ஒன்றை மட்டும்தான் மாற்ற முடியும், அல்லது 16 நிறங்களுள்ள தட்டிலிருந்து ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஒரே தாவலில் போக வேண்டிய இடத்தில் தட்டில் பொருத்தமான நிறம் இல்லையென்றால் இரண்டு மூன்று புள்ளி வழிதவறித்தான் போகும். எப்போதும் விளிம்பின் வலப்பக்கம் மட்டும் நிறம் தட்டினால் அது ஹேம். கேமராவை அசைத்து அசைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அது சரியாகாது. மூன்று படங்களையும் 16 படிச் சாம்பல் நிறத்தில் தனித்தனியாகப் பார்த்து ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று உறுதி செய்துகொண்டால் போதும்.

கணினிப் பக்கம் எனக்கு வந்த ஒரே கோளாறு, எங்காவது ஒரு நெடுவரிசை மட்டும் ஒரு புள்ளி மேலே ஏறி நின்றது. 500-இன் 68000 செயலி 7.09 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, ஒரு வீடியோ வரிக்குக் கிடைப்பது சுமார் 450 சுழற்சி. அதற்குள் போர்ட்டிலிருந்து ஒரு பைட்டை எடுத்து மெமரியில் வைத்துவிட வேண்டும். பின்னணியில் வேறு எதாவது ஓடினால் ஒரு பைட் தவறும், அந்த நெடுவரிசையின் மீதி முழுக்க நகர்ந்துவிடும். ஹார்டு டிஸ்க், கடிகாரம், திரைக்காப்பு என்று எதையும் ஏற்றாமல், மென்பொருள் இருக்கும் ஃப்ளாப்பியிலிருந்தே கணினியைத் தொடங்கினேன். அதோடு நின்றது. அமெரிக்காவுக்காக எழுதிய மென்பொருள் 200 வரியில் நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பி.ஏ.எல். கணினியின் 256 வரித் திரையில் கீழ்ப்பகுதி காலியாக வந்தால் அது கோளாறு அல்ல.

இன்றைக்கு யாராவது புதிதாகத் தொடங்கினால் நான் சொல்லும் வரிசை இது. மல்டிமீட்டரில் பின்கள். அப்புறம் டிவிடி பிளேயரிலிருந்து அசையாத சாம்பல் படி. அது சுத்தமாக வந்த பிறகுதான் கேமரா, அதுவும் டார்ச் வெளிச்சத்தில், கறுப்பு வெள்ளையில். அதன் பிறகு நிரந்தர விளக்கு. கடைசியாகத்தான் நிறச் சக்கரம், அதற்கு முன் ரிமோட் சோதனை. ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை ஒரு நோட்டில் எழுதுங்கள். கோடு எந்தத் திசையில் கிடக்கிறது என்று பார்க்காமல் எந்த உதிரிபாகத்துக்கும் காசு கொடுக்காதீர்கள்.

எடுத்த படத்தைச் சேமிக்கும்போது, சேர்த்த நிறப் படத்தோடு சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக அமிகாவின் ஐஎஃப்எஃப் படக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வேறு கணினியில் ஹேமின் கட்டுப்பாடு இல்லாமல் சேர்க்கலாம், அதில் விளிம்பு நிறம் தட்டாது. 320-க்கு 256 அளவுள்ள ஒரு ஹேம் படம் சுருக்காமல் 60 கிலோபைட், ஆகவே 880 கிலோபைட் ஃப்ளாப்பியில் 14 படம்வரை அடங்கும். அந்த ஃப்ளாப்பியைச் சாதாரண பிசியின் டிரைவில் போட்டால் திறக்காது. அமிகா ஒரு டிராக்கில் 11 செக்டார் எழுதுகிறது, அதைப் பிசியின் ஃப்ளாப்பி கன்ட்ரோலருக்குப் படிக்கத் தெரியாது. ஃப்ளாப்பியின் காந்தத் துடிப்பை அப்படியே படித்து யு.எஸ்.பி. வழியாகக் கொடுக்கும் கிரீஸ்வீசல் மாதிரி ஒரு அட்டை இருந்தால் வேலை முடிந்தது. நான் வாரம் ஒருமுறை அப்படி எடுத்து வைத்துவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் இருக்கும் ஃப்ளாப்பிகளும் அந்தக் கணினியின் வயதுடையவைதான்.